பெயர் போடாமல் எழுதியது

கேப்டன் கண்ணுக்கு மருந்து விடும்போது முகத்தை இடப்பக்கத்து ஜன்னலை நோக்கித் திருப்பிக்கொள்வார். சட்டைப்பையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி வெளியே வரும். தலை சற்றுப் பின்னால் சாயும். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு, மறு கண்ணுக்கு ஒரு சொட்டு. பிறகு குப்பி எந்தப் பைக்குள் போயிற்று என்றே தெரியாது. முப்பத்தேழாயிரம் அடிக்குக் கீழே அரபிக்கடல் வெயிலில் தகடுபோலக் கிடக்கும். ஏழெட்டு நொடிக்குள் முடிந்துவிடும் காரியம் அது. அந்த நேரத்தில் நான் எனக்கு முன்னால் இருக்கும் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவரைத்தான்.

அவர் பூதப்பாண்டிக்காரர். எனக்கு ஆரல்வாய்மொழி. இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் அரைமணி நேரம்தான் என்றாலும், நாங்கள் முதன்முதலாகச் சந்தித்தது வளைகுடா நாடு ஒன்றில், நாங்கள் வேலைபார்த்த விமான நிறுவனத்தின் அலுவலகத்தில். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஒப்பந்தத்துக்கு வந்த விமானிகள் அங்கே இருந்தார்கள். அன்றைய விமானத்துக்கு அவர் கேப்டன், நான் துணை விமானி. என் பெயரைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஊரைக் கேட்டவர், பதிலைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "காத்தாடிக்கு கிழக்கயா, மேக்கயா?" எங்கள் ஊர்க் கணவாயில் நிற்கும் காற்றாலைகளுக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. "காத்தாடிக்குக் கீழயே சார்" என்றேன். "சார் வேண்டாம். வெளிய அண்ணேன்னு கூப்பிடு. காக்பிட்டுக்குள்ள மட்டும் கேப்டன்" என்றார். பிறகு வந்த நாட்களில், திருவனந்தபுரத்துக்குத் தென்கிழக்கிலிருந்து இறங்கும்போதெல்லாம் மலைக்கு நடுவில் பேச்சிப்பாறை அணை பளபளப்பதைத் தாடையால் காட்டுவார். "அந்தா, உங்க அம்மா மாடில துணி காயப்போடுகா பாரு" என்பார். சிரிக்கவே மாட்டார். அதனால் எனக்குச் சிரிப்பு இன்னும் கூடும்.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சாப்பிடுவோம். மூன்றாமவர் விமானங்களைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர், மார்த்தாண்டத்துக்காரர். கேப்டனுக்கு இரண்டு வயது இளையவர். கேப்டன் குடியிருந்த கட்டிடத்தில் இரண்டு மாடி கீழே அவர் வீடு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்தார். தேங்காய் அரைத்த மீன்கறியும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் அவர் பொறுப்பு. கேப்டனின் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். மைனி சோறும் ரசமும் வைத்துக் கொண்டுவருவாள். கேப்டனும் இன்ஜினியரும் ஒருவரையொருவர் 'ஏல' என்று பேசிக்கொள்வார்கள். அந்த ஊரில் கேப்டனை அப்படிக் கூப்பிடும் ஒரே மனிதர் இன்ஜினியர்தான்.

வெளிநாட்டில் விமானம் ஓட்டுகிறவனின் வாழ்க்கை ஒரு தாளில் நிற்கிறது. மருத்துவச் சான்றிதழ்தான் அந்தத் தாள். வருடாவருடம் அது புதுப்பிக்கப்படவேண்டும். ஒரு வருடம் கிடைக்காமல் போனால் வேலை போகும், வேலையோடு விசா போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், குடியிருக்கும் வீடு எல்லாம் ஒரு மாதத்துக்குள் கையைவிட்டுப் போகும். அதனால் நாங்கள் ஒவ்வொருவரும் எதையாவது மறைத்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கு முதுகுவலி. இன்னொருவருக்குத் தூக்கமின்மை. மறைப்பவர்கள் மற்றவர்களைக் கூர்ந்து பார்ப்பார்கள். தொழிலும் அதையேதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. கருவி காட்டும் எண்ணை நம்பாதே, இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார். பக்கத்தில் இருப்பவனின் கை எந்தப் பொத்தானுக்குப் போகிறது என்று பார். அவன் சொன்னதைச் செய்தானா என்று மறுபடி பார். பத்து வருடம் இப்படிப் பழகிய ஒருவனால் சீருடையைக் கழற்றியதும் சந்தேகத்தையும் கழற்றி மாட்டிவிட முடியாது.

கேப்டன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது நான் அங்கே சேர்ந்த மூன்றாம் வருடத்தில். அவர் என்னை எண்களை வாசிக்கச் சொல்ல ஆரம்பித்தார். தரைக் கட்டுப்பாட்டிலிருந்து இன்ன உயரத்துக்கு இறங்கு என்று ரேடியோவில் சொல்வார்கள். துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அந்த எண்ணைத் திருகி வைக்கவேண்டும். அந்த எண் இரண்டு பேருக்கும் நடுவில், கண்ணுக்கு நேராக, பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்து உறுதிசெய்ய அவருக்கு ஒரு நொடி போதும். அவரோ, "எவ்வளவு வச்சிருக்க? வாசி" என்பார். வாசிப்பேன். "அவன் சொன்னது அதுதானா?" என்று மறுபடி கேட்பார். ஒவ்வொரு விமானத்திலும் இதே கதை. ஒருமுறை நான் பதினோராயிரம் வைத்திருந்தேன். அவர் பத்தாயிரம் என்றார். அவருக்கு எண் தெரியவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டே தரைக் கட்டுப்பாட்டிடம் கேட்டேன். பத்தாயிரம்தான் என்றார்கள். அன்றைக்கு ரேடியோவில் கூட்டம் அதிகம், எனக்குத் தவறிவிட்டது என்று அதை அதோடு விட்டுவிட்டேன். மற்றவர் தவறு என்றால் துருவுவேன். என் தவறு என்றால் அதற்கு உடனே ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அதற்குப் பிறகுதான் கண் மருந்துக் குப்பி என் கண்ணில் பட்டது. பட்ட பின்பு எல்லாமே அதோடு சேர்ந்துகொண்டது. வரைபடத்தை அவர் கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கிறார். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறார். விமானத்தை இறக்குவதை அடிக்கடி என்னிடம் விட்டுவிடுகிறார். முன்பெல்லாம் அதை என்மேல் வைத்த நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டவன், இப்போது மனதுக்குள் கணக்கெடுக்கத் தொடங்கினேன். எரிச்சலும் கூடிவிட்டது அவருக்கு என்று நினைத்தேன். "ஒன் ரேடியோ சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்கு, கொஞ்சம் கொற" என்று ஒருநாள் சொன்னார். வயதானவருக்குச் சத்தம் பிடிக்கவில்லை என்று குறைத்தேன். அவர் பார்க்காதபோது மறுபடி கூட்டிக்கொண்டேன்.

ஒரு மதியம் மணற்காற்று அடித்து அடங்கியிருந்தது. விமான நிலையம் முழுவதும் பழுப்பாகக் கிடந்தது. இறங்கி, ஓடுபாதையிலிருந்து விலகி, நிறுத்துமிடத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தோம். தரையில் விமானத்தைத் திருப்பி ஓட்டுவது கேப்டன், ரேடியோவில் பேசுவது நான். ஒரு சந்திப்புக்கு முன்னால் திடீரென்று பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டார். பின்னால் பயணிகள் முன்னே சாய்ந்திருப்பார்கள். அடுத்த நொடி, என் வேலையை அவரே எடுத்துக்கொண்டு, இங்கேயே நிற்கிறோம் என்று ரேடியோவில் சொன்னார். பழுப்புக்குள்ளிருந்து ஒரு பெரிய சரக்கு விமானம் வந்து எங்கள் மூக்குக்கு முன்னால் கடந்து போயிற்று. கேப்டன் என் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். எங்கள் ஊரில் பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு 'கேட்டியா' போடுவார்கள். அதற்குப் பொருள் எதுவும் கிடையாது. நானும் "ம்" என்றேன். அவர் என்னை இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார். வழி தெரியாமல் நின்றுவிட்டார், அதை மூடிமறைக்க அவரே ரேடியோவில் பேசிவிட்டார், இப்போது நான் கண்டுபிடித்தேனா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பார்வைக்கு வேறு பொருள் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மாதம் நான் விடுப்பில் ஊருக்குக் கிளம்பும்போது, "போன எடத்துல ஒரு நல்ல டாக்டர்ட்ட ஒடம்ப முழுசா காட்டிட்டு வா மக்கா. காது மூக்கு எல்லாம் பாக்கச் சொல்லு. வயசு ஏறுகுல்லா" என்றார். முப்பத்துநான்கு வயதுக்காரனிடம் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் சொல்கிறார். தன் கண்ணைப் பற்றி நான் வாய் திறப்பேனா என்று ஆழம் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஊரில் எந்த டாக்டரிடமும் போகவில்லை.

திரும்பி வந்தபோது என் பதவி உயர்வு தள்ளிப்போயிருந்தது. கேப்டனாவதற்கான பயிற்சிப் பட்டியலில் என் பெயர் வரவேண்டிய முறை அது. வரவில்லை. பயிற்சிப் பிரிவில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்கள் ஊர்க்காரர்தான் ஆறு மாதம் போகட்டும் என்றாராம். காரணம் சொல்லவில்லையாம்." என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறவர், அண்ணே என்று கூப்பிடச் சொன்னவர். என்னைப் பற்றி யார் யாரிடமோ சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாதவர். அவருடைய கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் என்னை அழுத்திவைக்கிறார் என்று முடிவுகட்டினேன். இரண்டு சந்தேகங்கள் ஒன்றாகச் சேர்ந்தால் அது ஆதாரம்போலத் தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

மூன்றாம் நாள் பிற்பகல் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறிக்கையை எழுதினேன். பாதுகாப்புக் குறைபாடு எதையும் விமானிகள் பெயர் போடாமல் நிறுவனத்துக்குத் தெரிவிக்கலாம். நல்ல ஏற்பாடு அது, பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். எண்களை வாசிக்கச் சொல்வது, மருந்தை மறைத்து விடுவது, மணற்காற்று நாளில் சந்திப்பில் நின்றது என்று எல்லாவற்றையும் எழுதினேன். நான் எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை. இருநூறு பயணிகளை நினைத்துத்தான் எழுதுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் மூன்று நாளுக்கு முன்னால், பதவி உயர்வு கைக்கு எட்டும் என்று நம்பிக்கொண்டிருந்தபோது, ஏன் எழுதவில்லை? இந்தக் கேள்வி அப்போது என்னிடம் வரவில்லை. வந்திருந்தாலும் உள்ளே விட்டிருக்கமாட்டேன்.

கேப்டனை உடனே பறப்பதிலிருந்து நிறுத்தினார்கள். அறிக்கையை அவரிடம் காட்டவில்லை, கண்ணுக்கு மருந்தை மறைத்து விடுவதாகப் புகார் என்று மட்டும் சொன்னார்கள். மூன்று வாரம் பரிசோதனைமேல் பரிசோதனை. முடிவு வந்தது. பார்வை அவர் வயதுக்கு மிக நன்றாக இருக்கிறது. காக்பிட்டின் வறண்ட காற்றில் கண் எரியும், அதற்கு ஈரம் தரும் சொட்டு மருந்து, மருத்துவரே எழுதிக்கொடுத்தது, ஆவணத்திலும் இருக்கிறது. இளையவர்கள் முன்னால் மருந்து விடக் கூச்சம், அவ்வளவுதான். மறுபடியும் விமானம் ஓட்டினார். ஆனால் இரண்டு மாதத்தில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. வழக்கமாகப் புதுப்பித்துவிடுவார்கள், அந்த முறை புதுப்பிக்கவில்லை. காரணம் என்று யாரும் எதையும் சொல்லவில்லை. முப்பது வருடம் பறந்தவர் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாமல், நிரபராதி என்றும் யாரும் உரக்கச் சொல்லாமல் ஊருக்குப் புறப்பட்டார்.

அவர் புறப்பட்ட காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டிடத்தின் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றோம். ஒவ்வொருவரிடமும் கை கொடுத்துக்கொண்டு வந்தார். இன்ஜினியர் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தார், வழியில் சாப்பிட ஏதோ கட்டிக்கொண்டு வந்திருந்தார். கேப்டன் அவரைத் தாண்டி அடுத்தவரின் கையைப் பிடித்தார். இன்ஜினியர் நீட்டிய பை நீட்டியபடியே இருந்தது. விமான நிலையத்துக்கு என் காரில்தான் அவர்களைக் கூட்டிப்போனேன். பாதி வழியில் கேப்டன் சொன்னார்: "மருந்து வாங்கித் தந்தவனுக்கு மட்டுந்தான் மக்கா அது தெரியும். கூட இருந்து சாப்பிட்டவன்." கண் மருந்தை அவருக்கு மருந்துக்கடையிலிருந்து வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது இன்ஜினியர். காக்பிட்டில் நான் கவனித்ததே இல்லை என்று கேப்டன் நம்பிக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் மைனி அழுதுகொண்டிருந்தாள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தேன். என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்பதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

அதற்குப் பிறகு இன்ஜினியரின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெள்ளிக்கிழமைகளைத் தவிர்த்தேன். கேப்டன் போனை எடுப்பதே இல்லை என்று அவர் இரண்டு மூன்று முறை என்னிடம் சொன்னார். "எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல. நான் என்ன செய்தேன்? உனக்கு வல்லதும் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு எதுவும் தெரியாது என்றேன். கொஞ்ச காலத்தில் அவரும் ஓய்வுபெற்று மார்த்தாண்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வருட மருத்துவப் பரிசோதனையில் என் காதைச் சோதித்தார்கள். நாற்பது வயதுவரை அந்தச் சோதனை சில வருடங்களுக்கு ஒருமுறைதான். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். இடது காதுக்கு அழுத்தினேன். வலது காதுக்கு இன்னும் தொடங்கவில்லையே என்று காத்திருந்தேன். டாக்டர் கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்றார். காதுக்குள் இருக்கும் நுண்ணிய எலும்பு ஒன்று இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. "இது திடீரென்று வருவதில்லை. மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வேலைபார்க்கிறவர்கள் யாரும் உங்களிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

துணை விமானிகளில் பலர் பறக்கும்போது ஹெட்போனை ஒதுக்கி இடது காதைத் திறந்துவைத்துக்கொள்வோம், பக்கத்தில் இருக்கும் கேப்டன் பேசுவது கேட்கவேண்டும் என்று. ரேடியோ வலது காதில் மட்டும் கேட்கும். என் வலது காது எவ்வளவோ நாளாக எனக்குப் பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிப்பார்த்தேன். அவன் சொன்னது அதுதானா என்று அவர் கேட்டது என் காதைச் சோதிக்க. விமானத்தை இறக்குவதை என்னிடம் விட்டது, அப்போது ரேடியோ அவர் பொறுப்புக்குப் போய்விடும் என்பதால். மணற்காற்று நாளில் நில் என்று ரேடியோவில் வந்த கட்டளையை நான் கேட்கவில்லை, அவர் கேட்டார், நிறுத்தினார், எனக்குப் பதிலாகப் பதிலும் சொன்னார். அவர் நின்றிராவிட்டால் அந்தச் சரக்கு விமானம் எங்களைக் கடந்து போயிருக்காது. பிறகு என்னைப் பார்த்து அவர் கேட்ட 'கேட்டியா' உண்மையான கேள்வி.

திருவனந்தபுரத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். ஆறு மாதம் தரையில் இருந்தேன். காது திரும்பி வந்தது, சான்றிதழும் வந்தது, ஒரு வருடம் கழித்துக் கேப்டனாகவும் ஆனேன். எல்லாம் கிடைத்த பிறகும் பூதப்பாண்டிக்குப் போகமட்டும் கால் வரவில்லை. விடுப்பில் வரும்போதெல்லாம் நாகர்கோவிலோடு திரும்பிவிடுவேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், தெரிந்துகொண்டேதான் பேசாமல் இருக்கிறார் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், தெரியவே தெரியாது, இப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றும். அவர்மேல் தொடங்கிய சந்தேகம் ஓயவில்லை. இப்போது அவருடைய மௌனத்தைச் சந்தேகித்தேன்.

போன வருடம் ஆடி மாதம், அவர் ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆனபிறகு, போனேன். கணவாய்க் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் வாழைகளுக்குச் சவுக்குக் கம்பு ஊன்றிக் கட்டிக்கொண்டிருந்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் வரவேற்பு எதுவும் சொல்லாமல், "இருவத்தஞ்சு நாட் இருக்கும். குறுக்கால அடிக்கு" என்றார். காற்றின் வேகத்தை இன்னமும் விமானிகள் சொல்லும் 'நாட்' கணக்கிலேயே சொல்கிறார். பிறகு, "காது எப்பிடி இருக்கு?" என்றார்.

"ஒங்களுக்கு அப்பவே தெரியும், இல்லையாண்ணே?"

"தெரியும்."

"பட்டியல்ல பேரு வராமப் பண்ணுனது?"

"நான்தான். ஆறு மாசம் பொறுங்கன்னு சொன்னேன். காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே ஒன்னத் தரையில எறக்கிருப்பான். நீயா போயி காட்டிக்கிடுவன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட நேரா சொல்லிருக்கலாமே."

"சொன்னம்லா. எத்தன மட்டம் கேட்டியா, கேட்டியான்னு கேட்டேன். நீ கேக்கல்ல." வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. உடனே அடங்கி, "இல்ல மக்கா. நேராத்தான் சொல்லிருக்கணும். எரநூறு சனத்தப் பொறத்தால வச்சுக்கிட்டு ஒனக்கும் சேத்து நான் கேட்டுக்கிட்டு ஓட்டுனேன். அது தப்பு. ஆபீசுக்குத் தெரிஞ்சிருந்தா, கண்ணுக்கு இல்ல, அதுக்கே என்ன அனுப்பிருக்கணும்" என்றார்.

மைனி டீ கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கினால் சொல்லமுடியாமல் போய்விடும் என்று பயந்து, கையை நீட்டாமல் சொன்னேன். "அண்ணே, அந்த அறிக்கைய எழுதுனது நான்."

கம்பைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. வாழையிலைகள் கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. "எப்போ எழுதுன?" என்றார். ஏன் எழுதினாய் என்று கேட்டிருந்தால் பயணிகளைப் பற்றிப் பேசியிருப்பேன். எப்போது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு.

"பேரு வரல்லன்னு தெரிஞ்ச மூணாம் நாளு."

மைனிதான் பேசினாள். "அப்போ மார்த்தாண்டத்து அண்ணன் இல்லயா?" டம்ளர் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "மவ கல்யாணத்துக்குப் பத்திரிக கொண்டுகிட்டு அந்தக் கேட்டுல வந்து நின்னாரு. இவரு உள்ள இருந்துகிட்டே இல்லன்னு சொல்லச் சொன்னாரு. நான்தான் போயி சொன்னேன். இவரு செருப்பு வாசல்ல கெடக்கு, அவரு அதப் பாத்துக்கிட்டே, சரி அப்புறமா வாறேன்னு போனாரு. நான்தான் சொன்னேன்." என்னைப் பார்த்து அவள் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேப்டன் தொட்டியில் கை கழுவினார். உள்ளே போய் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "வண்டிய எடு" என்றார்.

மார்த்தாண்டம் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. என்மேல் கோபப்படுவார் என்று ஒவ்வொரு வளைவிலும் எதிர்பார்த்தேன். ஒரு காலத்தில் அவருடைய ஒவ்வொரு அசைவுக்கும் பொருள் கண்டுபிடித்தவன் நான். அன்றைக்கு அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இன்ஜினியர் வீட்டு வாசலில் கேட் சாத்தியிருந்தது. கேப்டன் தாழ்ப்பாளைத் தட்டினார். கைலியும் பனியனுமாக வந்த இன்ஜினியர் கம்பிகளுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"ஏல, எழுதுனது நீ இல்லயாம்" என்றார் கேப்டன்.

"எழுதுனதா? என்னத்த?" அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஓ. அதுக்குத்தானா? நாலு வருஷமா நான் யோசிக்காத கெடையாது. அன்னைக்குக் கறியில உப்பு கூடினதா, வல்லதும் பேச்சுல மொறச்சேனான்னு. இதுக்குத்தானா?" பிறகு கேட்டார். "பின்ன ஆரு?"

கேப்டன் தரையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சொல்லாமல் விட்டிருந்தால் அவரும் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். "நான்" என்றேன்.

இன்ஜினியர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்து கேப்டனின் கையைப் பிடித்தார். "நீ உள்ள வா" என்றார். அவரை மட்டும்தான் கூப்பிட்டார். கேட் எனக்கு முன்னால் மூடிக்கொண்டது.

நான் சாலையோரம் நின்றேன். பக்கத்து வீட்டுக் கொடியில் ரப்பர் ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே இரண்டு குரல்கள் ஏறி இறங்கின. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, காது நன்றாக இருந்தும். அரைமணி நேரம் கழித்து இன்ஜினியர் மட்டும் வெளியே வந்தார். கம்பிக்குப் பின்னாலிருந்தே கேட்டார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொன்னா மதி. அவன் சந்தேகப்படுகது என்னத்தான்னு ஒனக்கு அப்போ தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விமான நிலையத்துக்குப் போன காரில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம், மற்ற இருவரும் அதை ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள். அதே மனிதர் அதே கேள்வியை வேறு மாதிரி முன்னால் கேட்டபோது அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருந்தேன்.

"தெரியும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "இன்னைக்கு இது மதி, போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் பூதப்பாண்டிக்குப் போய் கேப்டனையும் மைனியையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டத்தில் விடுகிறேன். அவர்கள் உள்ளே போவார்கள். நான் சற்றுத் தள்ளி நிழலில் வண்டியை நிறுத்திக்கொள்வேன். இன்ஜினியர் இதுவரை என்னைக் கூப்பிடவில்லை. போன தடவை வாசல்வரை வந்து, வண்டிக்குள் இருப்பது நான்தானா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார். கேப்டன் திரும்பிவந்து முன் இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் பொறு மக்கா" என்கிறார். பொறுத்திருக்கிறேன்.